ஏழு இழை

ஜூன் 2

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்ல எதிர்வீட்டு நர்சம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். இடுப்பு எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். எலும்புக்கு இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. காது முன்னைவிட மந்தம். போனில் நீ பேசினால் தேன்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடுதாசி. உன் அக்கா விடிந்தால் வேலைக்கு ஓடிவிடுகிறாள். நர்சம்மா ஓய்வு பெற்றவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எல்லாக் கையெழுத்தும் எறும்பு வரிசைதான்.

நீ புதிதாக இரண்டு ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருப்பதாக உன் அக்கா சொன்னாள். ஒவ்வொன்றையும் இரண்டு ஆள் தூக்கி வந்தார்களாம். ஆசைப்பட்டதை வாங்கு, நான் குறுக்கே வரவில்லை. வெயிலிலும் புழுதியிலும் நிலத்தை அளந்துவிட்டு வருகிறவனுக்குச் சாயங்காலம் ஒரு சுகம் வேண்டும்தான்.

ஆனால் அதை ஹால் பிளக்கில் மாட்டாதே. மீட்டரிலிருந்து தனியாக ஒரு புது லைன் இழுத்துக்கொள். சுவருக்கு மேலேயே குழாய் வைத்துக் கொண்டு வந்தால் போதும், பழையதைத் தொட வேண்டாம். ஒரு நாள் வேலை. ஹால் பிளக் பழைய காலத்தது, டிவியோடு விட்டுவிடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் சிநேகிதர்கள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் ஃபியூஸைப் பிடுங்கியது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். ஆறாவிட்டாலும் இதைச் செய். மருமகளையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அப்பா (கைநாட்டு)


ஜூன் 11

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மருந்து வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். மறைத்து வைக்கிறீர்களாம்.

ஆம்ப்ளிஃபயர் விஷயம். நான் கணக்குப் பார்க்காமல் வாங்கவில்லை. இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் ஆயிரத்து நானூறு வாட். அடித்தாளத்துக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி முந்நூறு. அதே லைனில் ஃபிரிட்ஜ், டிவி, இஸ்திரிப் பெட்டி. எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தாலும் பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது. பாட்டு இஸ்திரிப் பெட்டி போல விடாமல் இழுப்பதும் இல்லை. தாளம் விழும் கணத்தில் மட்டும் இழுக்கும். ஹால் லைன் பதினைந்து ஆம்பியர் தாங்கும். நீங்கள் சொன்னதுதான்: "ஏழு இழை ஒயர்டா, யானையைக் கட்டலாம்." சின்ன வயதிலிருந்து எத்தனை விருந்தாளிகளிடம் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு முறை ஃபியூஸ் போனது உண்மை. இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயர் ஆன் செய்தவுடன் ஒரு வாய் அதிகமாகக் குடிக்கும், அதுதான் காரணம் என்று கடைக்காரர் சொன்னார். பழைய ஃபியூஸை எடுத்துவிட்டுப் பெரிய பிரேக்கர் போடச் சொல்கிறார். மத்தளம் விழும்போது விளக்கு லேசாக மங்குகிறது. அதற்கு ஒரு ஸ்டெபிலைசர்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்களுக்குக் கஷ்டம் ஒயரா, சத்தமா?

உங்கள் மகன்


ஜூன் 19

மகனுக்கு,

உன் கடுதாசியை நர்சம்மா இரண்டு தடவை படித்துக் காட்டினார். கடைசி வரியை மூன்று தடவை. காது கேட்காதவனுக்குச் சத்தம் எங்கேயடா கஷ்டம்?

ஃபியூஸ் போனால் நல்லது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் வரவில்லை என்று அர்த்தமா? எனக்குத் தெரிந்த சலவைக்கடைக்காரர் ஒருவர், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கம்பிக்குப் பதிலாகச் சட்டையில் குத்தும் ஊக்கை மாட்டினார். அப்புறம் ஃபியூஸ் போகவில்லை. கடை போனது. முப்பத்தி மூன்று வருஷம் ஆகிறது. எரிந்த துணிகளில் ஒரு மாப்பிள்ளைச் சட்டையும் இருந்தது. அந்த மாப்பிள்ளை என் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான்.

ஸ்டெபிலைசரும் வேண்டாம். விளக்கு மங்குகிறது என்றால் ஒயர் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டெபிலைசர் இன்னும் அதிகமாக இழுத்துச் சரிக்கட்டும். மூச்சு வாங்குகிறவன் தலையில் இன்னொரு மூட்டை.

பிளக்கைத் தொட்டுப் பார். ஒரு மணி நேரம் பாட்டுப் போட்ட பிறகு தொடு. சுட்டால் எழுது. அதுவரை பெரிய பிரேக்கர் போடாதே. ஏன் என்று கேட்காதே, நான் ஐம்பது வருஷம் ஒயரிங் வேலையில் கிடந்தவன்.

"இவ்வளவு அதட்டினா புள்ள எப்படிக் கேப்பான், கொஞ்சம் தன்மையாச் சொல்லுங்கண்ணே" என்கிறார் நர்சம்மா. எனக்குத் தன்மை வராது. அவரையே எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்கிறார்.

அப்பா (கைநாட்டு)


ஜூலை 1

அப்பாவுக்கு,

ஏன் என்று கேட்காதே. இந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் வளர்ந்தேன்.

பதினாறு வயதில் ஒரு உடைந்த ரேடியோவைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். அது பாடியது. பத்துப் பேர் நடுவில் நீங்கள் என்ன கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? "புஸ்தகம் பாத்து நீந்தக் கத்துக்கிட்டவன் எவனாவது கரை ஏறியிருக்கானாடா?" எல்லாரும் சிரித்தார்கள். உங்களுக்கு எழுத்து தெரியாது என்பதில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. எழுத்து தெரிந்தவனெல்லாம் முட்டாள் என்று நீங்கள் சொன்னதுதான் குறை. "என் விரல் படிக்கும்" என்பீர்கள். நான் அளந்து, கணக்குப் போட்டு, காகிதத்தில் காட்டுகிறேன். விரலால் அதைத் தள்ளிவிடுகிறீர்கள். அன்றைக்கும் அப்படித்தானே, வாய் திறக்காமல் வந்து ஃபியூஸைப் பிடுங்கினீர்கள். என் நண்பர்கள் இருட்டில் செருப்புத் தேடினார்கள்.

முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர் போட்டாகிவிட்டது. ஸ்டெபிலைசரும் வந்துவிட்டது. பத்து நாளாக ஒரு தடவைகூட எதுவும் அணையவில்லை. பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? ஆறு வருஷம் சேர்த்து வாங்கினேன். பாடுகிறவர் பாடுவதற்கு முன் இழுக்கும் மூச்சுகூடக் கேட்கிறது.

பிளக் சுடவில்லை. தொட்டுப் பார்த்தேன், போதுமா?

மற்றபடி செய்தி ஒன்றுமில்லை. ஒரு வாரமாக விடாத மழை. பாப்பாவுக்கு ஹாலில் புது இடம் பிடித்துவிட்டது. ஜன்னலுக்கு இடப்பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் படம் வரைகிறாள். அங்கே வெதுவெதுவென்று இருக்கிறதாம். உங்கள் மருமகளும் கை வைத்துப் பார்த்தாள். "பழைய சுவருல வெயில் தங்கிப்போச்சு" என்று சிரிக்கிறாள்.

சொல்வதற்குக் காரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இனிமேல் கரண்டைப் பற்றி எழுத வேண்டாம்.

மகன்


ஜூலை 5

மகனுக்கு,

நேற்று உன் கடுதாசி வந்தது. படித்து முடிப்பதற்குள் நர்சம்மாவை உனக்குப் போன் போடச் சொன்னேன். பாப்பாவை அந்தச் சுவரைவிட்டு எழுப்பு, மெயினை இறக்கு என்று அவர் சொன்னாராம். "பாப்பாவை எழுப்பியாச்சு, ஆனா எதுக்குன்னு அப்பாவைச் சொல்லச் சொல்லுங்க" என்றாயாம். சொல்கிறேன்.

அந்தச் சுவரில் வெயில் தங்கவில்லை. ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, உன் மார்பு உயரத்தில், பூச்சுக்கு உள்ளே ஒரு ஜாயின்ட் இருக்கிறது. நான் போட்டது. பெட்டி வைக்காமல், முறுக்கி, டேப் சுற்றி, மேலே சிமென்ட் பூசிய ஜாயின்ட். நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. நீ அப்போது உன் அம்மா வயிற்றில் எட்டு மாதம்.

ஒயர் சுருளின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். இழை எத்தனை, ஒவ்வொரு இழையும் எவ்வளவு தடிமன் என்று அதில் எண் போட்டிருக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்து வாங்குவார்கள். நான் நுனியைக் கடித்து உரித்து இழையை எண்ணுவேன். ஏழு இருந்தால் பிளக்குக்கு, மூன்று இருந்தால் விளக்குக்கு. ஒருநாளும் தப்பியதில்லை. அந்தத் தடவை வழக்கமான கடை பூட்டியிருந்தது. வேறு கடையில் சிவப்பு ஒரு சுருள், கறுப்பு ஒரு சுருள் வாங்கினேன். எண்ணினேன். ஏழு இருந்தது. மேலுறை தடிமனாக, கைக்கு வாட்டமாக இருந்தது.

நம் ஹாலில் இழுத்துக்கொண்டு வரும்போது கடைசியில் ஒரு முழம் போதவில்லை. பையில் பழைய சுருளின் துண்டு கிடந்தது, அதைச் சேர்க்கலாம் என்று இரண்டு நுனியையும் உரித்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஏழு இழை. பழையது சோளத்தட்டை என்றால் புதியது வைக்கோல். உறைதான் தடிமன், உள்ளே ஒன்றுமில்லை. ஒவ்வொரு இழையும் மெலிசு. காகிதத்தில் அது எழுதியிருந்திருக்கும். என் விரல் அதைப் படிக்கவில்லை.

மற்ற இடமெல்லாம் அதற்குள் பூசியாகிவிட்டது. உன் அம்மா வாசலில் நின்று, "முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுது" என்றேன். முறுக்கி மூடிவிட்டேன். அடுத்த மாதம் மாற்றலாம் என்று நினைத்தேன். ஒரு ஃபேனுக்கும் ஒரு ரேடியோவுக்கும் அது தாங்கியது. தாங்கத் தாங்க, நான் சொன்ன பொய் எனக்கே நிஜமாகிவிட்டது. யானையைக் கட்டலாம் என்று நான் யாரிடம் சொன்னாலும் கண் மட்டும் அந்தச் சுவர் பக்கம் போகும். நீ பார்த்திருக்க மாட்டாய்.

அன்றைக்கு உன் சிநேகிதர்கள் வந்தபோது அந்தச் சுவரில் கை வைத்தேன். சூடு. அவர்கள் முன்னால் இதைச் சொல்ல வாய் வரவில்லை, கை ஃபியூஸுக்குப் போய்விட்டது. நீ, "இது என் வீடு" என்றாய். அதையே சாக்காக வைத்துக்கொண்டு இங்கே உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

உன் கணக்கு சரி. நான் கொடுத்த ஒயர்தான் தப்பு.

இதை எழுதிக்கொண்டே நர்சம்மா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதுங்கம்மா என்றேன்.

அப்பா (கைநாட்டு)


ஜூலை 14

அப்பாவுக்கு,

சுவரை உடைத்தோம். நீங்கள் சொன்ன இடம், ஒரு விரல்கூடத் தள்ளவில்லை. டேப் இல்லை, கரிதான் இருந்தது. சிமென்ட் உள்பக்கம் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. மழை ஈரம் வேறு உள்ளே இறங்கியிருக்கிறது. பாப்பாவின் வண்ணப் பென்சில் டப்பா அதற்கு நேர் கீழே இருந்தது. உங்கள் மருமகள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

மீட்டரிலிருந்து புது லைன் வந்துவிட்டது. வீட்டுக்கு அனுமதித்த லோடையும் கூட்டித் தரச் சொல்லி மின் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் கழற்றித் துணி போட்டு மூடியிருக்கிறேன். மாட்ட மனம் வரவில்லை.

வேலைக்கு வந்த வயர்மேன் பழைய ஒயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு சார் இதைப் போட்டது?" என்றார். தெரியாது என்றேன். உங்களுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

இன்னொன்று. நான் அளக்கிறவன், அதனால் அளந்துவிட்டேன். உடைத்தெடுத்த சிவப்பு ஒயர் பதினாறு மீட்டர், கறுப்பும் அவ்வளவே. ஒரு சுருள் தொண்ணூறு மீட்டர். கடைசியில் ஒரு முழம் போதவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒவ்வொரு சுருளிலும் எழுபத்து நான்கு மீட்டர் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வேறு எங்கோ போயிருக்கிறது.

எங்கே?

மகன்


ஜூலை 19

மகனுக்கு,

இதை நீ கேட்பாய் என்று தெரியும். கேட்காமல் இருந்தால் சொல்லாமல் போயிருப்பேன். அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வீடு. அடுத்தவன் வீட்டுக்கு முழுச் சுருள், சொந்த வீட்டுக்கு மீந்தது, அதுதானே என் வழக்கம். முதல் வீடு பள்ளிக்கூடத்துப் பின்னால் தையல்காரருடையது. ரோட்டை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள், நானே நின்று பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அப்படிப்பட்ட மனுஷன் நான்.

இரண்டாவது, மருந்துக்கடை கம்பவுண்டர் வீட்டு மாடி. ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் மூலை வீடு, பச்சை ஜன்னல். மாடியில் இரண்டு அறை. படி ஏறியவுடன் இருக்கும் போர்டிலிருந்து முதல் அறையில் கதவுக்கு மேலே போய், மேற்குச் சுவரில் இறங்கி ஒரு பிளக். அங்கிருந்து தரையோரமாக இரண்டாவது அறை, கட்டில் தலைமாட்டில் ஒரு பிளக். நடுவில் ஜாயின்ட் இல்லை. ஆனால் முழுவதும் அந்த ஒயர்தான்.

நம் வீட்டுச் சங்கதி தெரிந்த அன்றைக்கே அவரிடம் போயிருக்க வேண்டும். அந்த வீதி முக்குவரை போனேன். வேலையை எனக்குக் கொடுக்கும்போது அவர் கேட்டிருந்தார்: "எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவன்கிட்டயா ஒயரிங்கைக் குடுக்கறது?" நான் பத்துப் பேர் கேட்க, "உங்க சீசாவுல எழுதாம மருந்து குடுக்க முடியுமாய்யா உங்களால? நான் எழுத்தே இல்லாம கரண்டு குடுப்பேன்" என்றேன். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முக்கிலிருந்து திரும்பிவிட்டேன். அப்புறம் நாற்பத்தொரு வருஷம் ஆற்றங்கரைக்கு அடுத்த தெரு வழியாகப் போய் வந்தேன்.

அவர் செத்துப்போனது தெரியும். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நீ போ. இன்றைக்கே போ. இப்படிச் சொல்: "என் அப்பாதான் இந்த ஒயரைப் போட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தப்பு என்று தெரிந்த பிறகும் சொல்லவில்லை." இந்த மூன்றையும் சொல். நடுவில் உள்ளதோடு நிறுத்திக்கொண்டால் ஜனங்கள் பாவம் என்று விட்டுவிடுவார்கள். கடைசியை விழுங்காதே.

அப்பா (கைநாட்டு)


ஜூலை 27

அப்பா,

கடிதம் வந்த அன்றே போனேன். பச்சை ஜன்னல் இப்போது நீலம்.

கம்பவுண்டரின் மகள் கதவைத் திறந்தார். மாடியில் அவருடைய அம்மா படுத்த படுக்கை. இரண்டாவது அறை, கட்டில் தலைமாடு. அங்கே மூச்சுக்கு ஒரு இயந்திரம் பகலிரவாக ஓடுகிறது. அதே பிளக்கில் ஏசி. நான் வாசலில் நின்றே மூன்றையும் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. "எந்த அப்பா?" என்றார். எழுத்தே இல்லாமல் கரண்டு கொடுப்பேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவாரே, அவர் என்றேன். அதற்குப் பிறகு உட்காரச் சொல்லவில்லை.

மெயினை இறக்க முடியாது, இயந்திரம் நின்றுவிடும். நம் வீட்டுக்கு வந்த அதே வயர்மேனைக் கூட்டிப்போனேன். கீழ்த்தளத்திலிருந்து தற்காலிகமாக ஒரு லைனை மாடிக்கு இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி அதில் மாட்டினோம். பதினோரு விநாடி நின்றிருந்தது. எண்ணினேன். பிறகுதான் சுவரைத் தொட்டோம். ஒயர் நீங்கள் சொன்ன வழியிலேயே போயிருந்தது. உறை நிறம் மாறி, சில இடங்களில் குழாயோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எரியவில்லை. வயர்மேன் என்னைப் பார்த்தார். "எங்க அப்பா போட்டது, நம்ம வீட்டுலயும் அவர்தான்" என்றேன். அவர் உளியை எடுத்துக்கொண்டார்.

நான்கு நாள் வேலை. நான் லீவு போட்டுவிட்டு மண் அள்ளினேன்.

கடைசி நாள் அந்தப் பெரியம்மா என்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டார். மூச்சுக்கு நடுவே நடுவே பேசினார். "இத்தன வருஷம் கழிச்சா?" என்றார். பிறகு, "அவர் இருக்காரா?" இருக்கிறார் என்றேன். "வரச் சொல்லு. உன்கிட்ட என்ன கேக்கறது, நீ பொறக்கவே இல்ல."

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அந்த அம்மா கேட்பதற்கு முன்னால் நான் அதைச் சொல்வது முறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரோடு நானே வருகிறேன். நர்சம்மா, அப்பாவின் மருந்தெல்லாம் எடுத்து வைக்க அக்காவிடம் சொல்லுங்கள். மறைத்து வைத்திருப்பதையும் சேர்த்து.

மாடிக்கு இருபத்திரண்டு படி, அப்பா. கைப்பிடி இல்லை. நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன்